பிளஸ் ஒன் ஆண்டைப் பிளஸ் டூ விழுங்க விடாதீர்கள்: அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும், பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளைக் கையாளும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

தாலுகா தலைநகர் ஒன்றில் உள்ள அரசு கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். நீங்கள் பிளஸ் டூ முடித்து அனுப்பிவைக்கும் பிள்ளைகள் கலந்தாய்வுக்கு வரும்போது சான்றிதழ்களைச் சரிபார்க்கும் மேசையில் உட்காருவதும், பிறகு அவர்களுக்கு முதலாண்டு வகுப்பு எடுப்பதும் என் வேலை. உங்கள் உழைப்பு எங்கே பலித்தது, எங்கே வீணானது என்பதை ஆண்டுதோறும் நேரில் பார்க்கிறவர்கள் நாங்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

2025 ஆகஸ்ட் 8ஆம் தேதி வெளியான மாநிலக் கல்விக் கொள்கையின்படி, 2025-26 கல்வியாண்டிலிருந்து பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வு எழுதும் சுமை பிள்ளைகளுக்குக் குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தத் தேர்வு எதற்காக வந்தது என்பது உங்களுக்கு மறந்திருக்காது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டுகளும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தின. அங்கே படித்தவர்கள் மதிப்பெண்ணில் முந்தினார்கள். கல்லூரி முதலாண்டிலும் நுழைவுத் தேர்வுகளிலும் அடிப்படை இல்லாமல் திணறினார்கள். அதை நிறுத்தத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. மொத்த மதிப்பெண் 1,200இலிருந்து 600ஆகக் குறைந்ததும் அப்போதுதான். 2018இலேயே, கல்லூரிச் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று அரசு அறிவித்துவிட்டது. இப்போது தேர்வும் போய்விட்டது.

ஆக, ஓர் ஆண்டு முழுவதும் பொதுத்தேர்வின் பிடியிலிருந்து விடுபட்டு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அதை என்ன செய்யப் போகிறோம் என்பதுதான் கேள்வி. தேர்ச்சி விழுக்காட்டின் நெருக்கடியில், தனியார் பள்ளிகள் அன்று செய்ததை அரசுப் பள்ளிகளும் செய்யத் தொடங்கிவிடுமோ என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. பிளஸ் ஒன் அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு பிளஸ் டூ முதல் பாடத்தை எடுக்கத் தொடங்கினால் போதும், பழைய கதை திரும்பிவிடும். அது விதைநெல்லைக் குத்திச் சோறாக்குகிற வேலை. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பிளஸ் ஒன் பாடத்தை முழுமையாக நடத்துங்கள். தேர்வுச் சுமை குறைந்ததால் மிஞ்சும் நேரத்தைப் பிளஸ் டூவுக்குக் கொடுக்காமல், பிள்ளைகள் கல்லூரிக்கு ஆயத்தமாவதற்குக் கொடுங்கள்.

ஆயத்தம் என்று நான் சொல்வது மருத்துவப் படிப்புக்கான நீட் பயிற்சியையோ, மத்தியப் பொறியியல் நிறுவனங்களுக்கான ஜே.இ.இ. பயிற்சியையோ அல்ல. அவை ஒரு சிலருக்கானவை. எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்புக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், என்ன சான்றிதழ் வேண்டும், வீட்டில் யாரிடம் என்ன பேச வேண்டும், கல்லூரி வகுப்பில் உட்கார்ந்தால் எப்படிப் படிக்க வேண்டும் என்பவை எல்லாருக்குமானவை. வீட்டில் பட்டம் பெற்றவர் ஒருவர் இருந்தால் இவையெல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே பிள்ளையின் காதில் விழுந்துவிடும். உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் அப்படி யாரும் இல்லை. நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

நம் பள்ளிகளில் உயர்கல்வி பற்றிய பேச்சு பெரும்பாலும் மே மாதத்தில்தான் சூடுபிடிக்கிறது. பொதுத்தேர்வு முடிந்து, முடிவும் வந்தபின், 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறார்கள். வல்லுநர்கள் பேசுகிறார்கள், கையேடு தருகிறார்கள். 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் நல்ல பணிகளில் அதுவும் ஒன்று. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த அரங்கில் உட்கார்ந்து கேட்கும் பிள்ளைக்குப் பல வழிகள் ஏற்கெனவே அடைபட்டிருக்கின்றன.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் நுழைவுத் தேர்வு டிசம்பரில் நடக்கிறது. மே மாதத்தில் அதைப் பற்றிக் கேள்விப்படும் பிள்ளைக்கு அந்த ஆண்டின் தேர்வு முடிந்து ஐந்து மாதம் ஆகியிருக்கும். திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்கு அந்தத் தேர்வுதான் வழி. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்கோ பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். இரண்டும் சட்டப் படிப்புதான், ஆனால் போகும் பாதையும் காலமும் வேறு வேறு. ஜே.இ.இ. முதன்மைத் தேர்வின் முதல் சுற்று ஜனவரியில் வருகிறது. அதற்கான விண்ணப்பம் நவம்பரோடு முடிந்துவிடுகிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்கு 2022 முதல் கியூட் என்ற நுழைவுத் தேர்வு வந்திருக்கிறது. பிளஸ் டூ முடிவு வரும்வரை காத்திருந்தால் அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. திருவாரூரில் 2009இலிருந்து ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் நடக்கிறது. டெல்டாவில் பல ஊர்களிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம். கியூட், ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு, நீட் மூன்றையும் தமிழிலேயே எழுதலாம் என்ற தகவல் மட்டும் பிளஸ் ஒன் வகுப்பில் எட்டியிருந்தால் எத்தனை பிள்ளைகள் முயன்று பார்த்திருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் துறையில் இரண்டாம் ஆண்டு படித்த ஒரு மாணவன் வகுப்பு முடிந்தபின் வந்து நின்றான். கணக்கில் நல்ல கெட்டிக்காரன். கேள்வி கேட்டால் விடையோடு நிற்காமல், விடை ஏன் அப்படி வருகிறது என்று திருப்பிக் கேட்பவன். எங்கிருந்தோ ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தான். திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கின்றன, அங்கே ஐந்து ஆண்டுகள் அறிவியல் படித்து முதுநிலைப் பட்டத்தோடு வெளியே வரலாம், அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு, பிளஸ் டூ முடித்த ஆண்டிலோ அதற்கடுத்த ஆண்டிலோ மட்டுமே எழுத முடியும் என்று சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் பிளஸ் டூ படிக்கும்போதே இது இருந்ததா சார்?" என்று கேட்டான்.

இருந்தது. அவன் பிளஸ் ஒன்னில் கையில் வைத்திருந்த புத்தகத்திலேயே அதற்கான குறிப்பு இருந்தது. 2018-19இல் வந்த பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தை எடுத்து, முதல் பாடத்துக்கு முன்னால் இருக்கும் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். பிளஸ் டூவுக்குப் பின் எழுதக்கூடிய நுழைவுத் தேர்வுகள், படிக்கக்கூடிய படிப்புகள், நாட்டில் உள்ள ஆய்வு நிறுவனங்கள் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். புத்தகம் எழுதிய குழுவினர் அக்கறையோடு சேர்த்த பக்கங்கள் அவை. கேள்வித்தாளில் வராத பக்கங்கள் என்பதால் யாரும் திறப்பதில்லை. பட்டியலில் உள்ள ஓரிரு தேர்வுகள் இப்போது நடப்பதில்லை, புதியவை வந்திருக்கின்றன. அதைத் திருத்திச் சொல்லக்கூட ஓர் ஆசிரியர் அந்தப் பக்கத்தை வகுப்பில் திறந்தாக வேண்டும். ஜூன் மாதத்தில் ஒரே ஒரு பாடவேளை போதும்.

38 மாவட்டங்களிலும் அரசு மாதிரிப் பள்ளிகள் நடக்கின்றன. அங்கிருந்து பிள்ளைகள் ஐ.ஐ.டி.க்கும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கும் போகும் செய்தியைப் படிக்கும்போது நெஞ்சு நிறைகிறது. அவர்களும் நம் ஊர்ப் பள்ளிகளிலிருந்து போனவர்கள்தாம். அங்கே கிடைக்கும் பயிற்சியை உங்களால் அப்படியே தர முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் எந்தத் தேர்வுக்கு எந்த மாதம் விண்ணப்பம் என்ற நாள்காட்டிக்குத் தனி விடுதியோ தனி நிதியோ வேண்டாம். ஒரு சார்ட் தாளில் எழுதி பிளஸ் ஒன் வகுப்புச் சுவரில் ஒட்டிவிட்டால் இரண்டு ஆண்டுகளும் அது பிள்ளைகளின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

எங்கள் கல்லூரிக்கு வருவது தாழ்வு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல பிள்ளைகள் எங்களிடம் வர வேண்டும் என்று விரும்புகிறவன் நான். ஆனால் வேறு வழி தெரியாமல் வந்து சேர்வதற்கும், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இதுதான் வேண்டும் என்று வருவதற்கும் உள்ள வேறுபாடு முதல் பருவத் தேர்விலேயே தெரிந்துவிடுகிறது. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. கல்லூரி வாசலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதில் நாம் நெடுந்தூரம் வந்துவிட்டோம். எந்த வாசலுக்கு, எந்த ஆயத்தத்தோடு என்பதில்தான் இன்னும் வேலை இருக்கிறது.

அடுத்தது சான்றிதழ். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மேசையில்தான் நான் மிக அதிகமாக மனம் நொந்திருக்கிறேன்.

அரசு கலைக் கல்லூரிகளுக்கு இணையவழியில் விண்ணப்பிக்கப் பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து 50 ரூபாய்தான். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு 2 ரூபாய். அதன்பின் தரவரிசைப்படி அழைப்பு வரும், அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும். ஒரு மாணவி தன் அப்பாவோடு வந்திருந்தாள். செங்கல் சூளையில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார் அவர். பிளாஸ்டிக் கோப்பில் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், ஆதார் எல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். சாதிச் சான்றிதழ் மட்டும் இல்லை. விண்ணப்பித்திருந்தாள், வரவில்லை. மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்து முதலெழுத்தாக இருந்தது, ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர் பின்னால் ஒட்டியிருந்தது, குடும்ப அட்டையில் அப்பாவின் பெயர் வேறு மாதிரி எழுதப்பட்டிருந்தது. அதனால் மனு திரும்பி வந்திருந்தது. சான்றிதழ் கையில் இல்லாதபோது பொதுப் பிரிவில் வைத்துத்தான் பார்க்க முடியும். அவள் கேட்ட பாடத்தில் பொதுப் பிரிவு இடங்கள் அதற்குள் நிரம்பியிருந்தன. மதிப்பெண் இருந்தது, இடஒதுக்கீட்டு உரிமை இருந்தது, ஒரு தாள் இல்லை. அந்த அப்பா எங்களைத் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. "தப்பு எங்களுதுதான் சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். தப்பு அவருடையது அல்ல.

பெயர்ப் பொருத்தத்தைச் சரிபார்க்கப் பிளஸ் ஒன் ஜூலையைப் போல நல்ல காலம் வேறில்லை. ஆதார், குடும்ப அட்டை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் ஆகிய நான்கையும் மேசையில் அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து பார்க்கச் சொல்லுங்கள். மாறியிருந்தால் திருத்துவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கையில் இருக்கும். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் இப்படித்தான். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்று கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, வருவாய் ஆய்வாளர் பரிந்துரைத்து, துணை வட்டாட்சியர் ஒப்புதல் தர வேண்டும். மே, ஜூன் மாதங்களில் இ-சேவை மையங்களில் கூட்டம் நெரியும்போது விண்ணப்பித்தால் அது தாமதமாகத்தான் செய்யும். மத்திய அரசு நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கு மாநிலச் சாதிச் சான்றிதழ் செல்லாது, மத்திய அரசுப் படிவத்தில் தனியாக ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்) சான்றிதழ் வாங்க வேண்டும் என்பதைத் தெரியாமல் எத்தனையோ பேர் பொதுப் பிரிவில் விண்ணப்பித்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் உங்கள் கையில்தான் இருக்கிறது. மருத்துவத்தில் 2020இலும் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் 2021இலும் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து உங்களிடம் வந்தவர்களும் அதில் அடங்குவார்கள். இடையில் பள்ளி மாறிய பிள்ளைகளின் விவரம், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் ஆண்டுவாரியாகச் சரியாக ஏறியிருக்கிறதா என்று பிளஸ் ஒன்னிலேயே பார்த்துவிடுங்கள். கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் இடம் அது. ஒரு பதிவுப் பிழையால் அது கைநழுவக் கூடாது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். நல்ல மதிப்பெண் எடுத்த பெண்ணுக்கு எங்கள் தரவரிசைப் பட்டியலில் பெயர் வருகிறது, அழைப்புப் போகிறது, அவள் வருவதில்லை. விசாரித்தால், வைகாசியில் நிச்சயம் முடிந்துவிட்டது என்பார்கள். அல்லது, அவ்வளவு தூரம் தனியாக எப்படி அனுப்புவது என்று பாட்டி சம்மதிக்கவில்லை என்பார்கள். இந்த முடிவுகள் மே மாதத்தில் எடுக்கப்படுபவை அல்ல. அவள் பிளஸ் டூ படிக்கும்போதே வீட்டில் மெல்ல மெல்ல உறுதியாகிவிடுகின்றன. மே மாதத்தில் நீங்கள் போய்ப் பேசினால், கொடுத்த வாக்கை மாற்ற முடியாது என்று சொல்லத்தான் செய்வார்கள். பிளஸ் ஒன் பெற்றோர் கூட்டத்திலேயே தாய்மாரை அழைத்துப் பேசுங்கள். பேருந்து எந்த நேரத்துக்கு, கல்லூரியில் எத்தனை பெண்கள் படிக்கிறார்கள், விடுதி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022 செப்டம்பரிலிருந்து வருகிறது. மகன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து 'தமிழ்ப் புதல்வன்' வந்திருக்கிறது. பணம் பிள்ளையின் வங்கிக் கணக்கில் நேரடியாக விழும் என்று ஒரு தாய்க்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்தால், வீட்டில் பேச அவருக்கு ஒரு பிடி கிடைக்கும். உங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை அந்தக் கூட்டத்துக்கு அழைத்து வந்து உட்கார வைத்தால், நாம் பேசுவதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

இனி வகுப்பறை. பிள்ளைகள் எங்களிடம் வந்த முதல் வாரத்திலேயே கேட்பது, "முக்கியமான கேள்விகளைக் குறித்துக் கொடுங்கள்" என்பதுதான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு ஆண்டுகள் அவர்கள் கண்டது அதுதான். புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகள், ஒரு மதிப்பெண் வினாக்கள், மாலைச் சிறப்பு வகுப்பு, திருப்புதல் தேர்வு, மீண்டும் அதே கேள்விகள். கல்லூரியில் ஒரு தாளுக்கு ஐந்து அலகுகள் கொண்ட பாடத்திட்டம் இருக்கும், ஒற்றைப் பாடநூல் இருக்காது. நூலகத்தில் இரண்டு மூன்று புத்தகங்களை எடுத்துத் தாமே தொகுத்துக்கொள்ள வேண்டும். அக மதிப்பீடு 25, பருவத் தேர்வு 75. வந்த ஐந்தாவது மாதத்திலேயே முதல் பருவத் தேர்வு வந்துவிடும். அங்கே ஒரு தாளில் அரியர் விழுந்தால், அந்தப் பிள்ளை அதைத் தன் அறிவின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் பருவத்தில் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேரே வரிசையாக ஆப்சென்ட் விழும்போது எங்களுக்குப் புரிந்துவிடும்.

போன ஆண்டு முதலாண்டு வகுப்பில் ஒரு மாணவியிடம் புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கொடுத்து, தானே படித்து, புரிந்ததைத் தன் வார்த்தையில் ஐந்து வரி எழுதச் சொன்னேன். முத்துப் போன்ற கையெழுத்தில் அந்தப் பக்கத்தின் முதல் ஐந்து வரிகளை அப்படியே எழுதிக் கொடுத்தாள். பிளஸ் டூவில் இயற்பியலில் 80க்கு மேல் எடுத்தவள். மீண்டும் கேட்டபோது, "எது எழுதணும் சார்?" என்றாள். தன் வார்த்தை என்று ஒன்றை வகுப்பில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. சில வாரங்கள் விடாமல் பழக்கிய பிறகு எழுதினாள், நன்றாகவே எழுதினாள். அந்தப் பழக்கத்துக்குப் பிளஸ் ஒன் போதும். மதிப்பெண் போடாமல், வாரம் ஒரு முறை, நடத்தாத ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லி ஐந்து வரி எழுத வையுங்கள். எந்தப் பாடமானாலும் சரி.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இன்னொரு இடர் உண்டு. எங்கள் பாட வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. உந்தம் பற்றிய கணக்கை உங்களிடம் சரளமாகப் போட்ட பிள்ளை, நாங்கள் மொமெண்டம் என்று சொல்லும்போது புதிதாக ஏதோ நடத்துகிறார்கள் என்று மிரண்டு உட்கார்ந்திருக்கும். பாடப் புத்தகத்தின் கடைசியில் கலைச்சொற்கள் இரு மொழியிலும் அச்சாகியிருக்கின்றன. பாடம் நடத்தும்போதே கரும்பலகையில் இரண்டையும் அருகருகே எழுதினால் போதும்.

பொறியியல் கலந்தாய்வைப் பற்றி ஒன்று. 2018இலிருந்து அது இணையவழியில் நடக்கிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்-ஆஃப் போடுவது எல்லாருக்கும் தெரிகிறது. விருப்பப் பட்டியலில் எதை முதலில் போடுவது என்பதுதான் தெரிவதில்லை. கிடைத்துவிடும் என்று நம்பும் கல்லூரியை முதலில் போட்டுவிட்டு, ஆசைப்பட்ட கல்லூரியைக் கீழே போடுகிறார்கள். பட்டியலில் மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கணினி ஒதுக்கிவிடும். கீழே இருப்பது கிடைக்கக்கூடியதாக இருந்தாலும் அதுவரை போகாது. இன்னும் மோசம், பட்டியலைப் பிள்ளையே நிரப்புவதில்லை. பிரவுசிங் சென்டரில் இருப்பவரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். நல்ல கட்-ஆஃப் வைத்திருந்த ஒரு மாணவி, தான் பெயரே கேள்விப்படாத ஒரு கல்லூரி முதல் விருப்பமாகப் போயிருந்ததை ஒதுக்கீடு வந்தபின்தான் பார்த்தாள். பள்ளியில் உள்ள உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் பிளஸ் டூ பிள்ளைகள் ஒரு மாதிரிப் பட்டியலைத் தம் கையாலேயே நிரப்பிப் பார்க்கட்டும். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் தம்முடையதாக இருக்கட்டும்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் பிரிவு எடுப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கணிதம் வேண்டாம் என்று தூய அறிவியல் எடுத்த பிள்ளை, பிறகு இயற்பியல் படிக்க ஆசைப்பட்டு எங்களிடம் வந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. எந்தப் பிரிவு எந்தப் படிப்பை அடைக்கும் என்பதைச் சேர்க்கைப் படிவம் கொடுக்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

உங்கள் நிலைமை தெரியாமல் இதையெல்லாம் கேட்கவில்லை. முதுகலை ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும், இருக்கும் ஆசிரியர் எமிஸ் பதிவில் பாதி நாளைக் கழிப்பார், முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டைத்தான் முதலில் கேட்பார்கள். உயர்கல்வி வழிகாட்டியாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர் பல பள்ளிகளில் இருக்கிறார். ஆனால் அவருக்கும் முழுப் பாட அட்டவணை இருக்கிறது, வழிகாட்டுவதற்கென்று தனிப் பாடவேளை இல்லை. ஆகவே பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளிடமும் இந்த மடல் வழியே கேட்டுக்கொள்கிறேன். பிளஸ் ஒன் கால அட்டவணையில் வாரத்துக்கு ஒரு பாடவேளையை இதற்கென்று ஆணையாகவே போட்டுவிடுங்கள். ஆய்வுக் கூட்டங்களில் தேர்ச்சியைக் கேட்கும்போதே, பிளஸ் ஒன்னில் எத்தனை பேருக்குச் சான்றிதழ்கள் சரிபார்க்கப்பட்டன என்றும் கேளுங்கள். பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேராதவர்களைத் தேடிப் பிடிக்க 'உயர்வுக்குப் படி' முகாம்கள் நடக்கின்றன. அவற்றால் பலர் படிப்புக்குத் திரும்பியிருக்கிறார்கள். அதே உழைப்பைப் பதினெட்டு மாதம் முன்னால் நகர்த்தினால், தேடிப் பிடிக்க வேண்டியவர்களின் எண்ணிக்கையே குறையும்.

கல்லூரிக் களப்பயணம் என்று பிளஸ் டூ பிள்ளைகளை அழைத்து வருகிறீர்கள். அவர்கள் கட்டடங்களையும் ஆய்வகங்களையும் வரிசையில் நின்று பார்த்துவிட்டு, உணவுப் பொட்டலத்தோடு திரும்பிவிடுகிறார்கள். வரும் ஆண்டு பிளஸ் ஒன் பிள்ளைகளை அழைத்து வாருங்கள், சிறு குழுக்களாக, எங்களுக்கு வகுப்பு நடக்கும் ஒரு சாதாரண நாளில். முதலாண்டு வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்காரட்டும். நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் தாமே தேடி எடுக்கட்டும். உங்கள் பள்ளியில் படித்துவிட்டு எங்களிடம் இருக்கும் மாணவர்களோடு, ஆசிரியர்கள் பக்கத்தில் இல்லாமல், பேசட்டும். சேர்க்கைப் பிரிவில் எந்தெந்தத் தாளைக் கேட்கிறோம் என்பதை எங்கள் அலுவலகப் பணியாளரே அவர்களுக்குக் காட்டுவார். ஆகஸ்டிலிருந்து அக்டோபர்வரை எங்களுக்கு வசதியான காலம். பள்ளியின் பெயரையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் குறிப்பிட்டு, உங்கள் பகுதி அரசுக் கல்லூரி முதல்வருக்கு ஜூலைக்குள் ஒரு கடிதம் எழுதுங்கள்.

நன்றியுடன்,
அரசு கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆசிரியன்